வாச்சாத்தி உணர்த்தும் பாடம்

தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைக் காவல் நிலையத்தில் முறையிடுவதா, மனத்துள் புதைப்பதா என்னும் வினா ஒரு பெண்ணை எத்துணை வாட்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு வரலாறே சான்று.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி ஒரு பழங்குடிச் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் அங்கே புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். முறையீட்டை ஏற்க வேண்டிய துறையினரே கொடுமை செய்தவருள் இருப்பின், எவரிடம் முறையிடுவது? அச்சம் அவர்தம் வாயை அடைத்தது. அம்மௌனம் பொய்யின் அடையாளமன்று. கேட்பார் இன்மையின் அடையாளம். மலைவாழ் மக்கள் சங்கத்தார் பரிவுடன் வினவியபோது அவர்கள் பேசினர்.

1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011இல், அவர்களுள் உயிருடன் இருந்த 215 பேரும் தண்டனை பெற்றனர். 2023இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

இன்று, கொடுமை எவ்வூரில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையமும் முறையீட்டைப் பதிவு செய்தல் வேண்டும், மறுத்தல் குற்றம். ஓரிக்கையில் தறியில் அமரும் பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டு. 18 வயது நிரம்பாதவருக்கு நேர்ந்ததாயின், அறிந்தவர் தெரிவித்தே தீர வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டம். வயது வந்த பெண்ணாயின், முடிவு அவளுடையது. "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று வினவாது, செவிகொடுத்துத் துணைநிற்பதே நம் கடன்.