தகனம்: ஒரு சொல்லும் ஒரு நோயும்

சென்ற வாரம் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஒரு நாட்டுமருந்துக் கடை வாசலில் நின்றிருந்தேன். தமிழ் பேசும் முதியவர் ஒருவர் கடைக்காரரிடம், "ரெண்டு மாசமா சாப்பிட்டது தகிக்கல்ல" என்றார். கடைக்காரர் சுக்கும் ஓமமும் பொதிந்து கொடுத்தார். நான் அந்த வினைச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சாலைக் கடைவீதி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாசரின் காலத்தில் உருவானது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் இவ்விடத்தில் இரு மொழிகளும் ஒரே நாவில் புழங்குகின்றன. மலையாளத்தில் 'தஹனம்' என்றால் செரிமானம். 'தஹனக்கேடு' என்றால் அசீரணம். தமிழிலோ தகனம் என்பது பிணத்தை எரியூட்டுவது. இரண்டும் எரித்தலைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

செரிமானத்தைத் தீயாகக் கருதியது மலையாளம் மட்டுமன்று. வயிற்றுத் தீயைச் சடராக்கினி என்றது ஆயுர்வேதம். குறளின் மருந்து அதிகாரமும் பசியின் அளவைத் தீயின் அளவாகவே கூறுகிறது. மணிமேகலையில் காயசண்டிகையை வருத்திய தீராப் பசிநோயின் பெயர் யானைத்தீ. எனினும் தமிழ் வேறு உருவகங்களையும் வைத்திருந்தது. உண்டது 'அற்றுப்போதல்' என்பதும் அதே குறள் அதிகாரத்தில் உண்டு. 'சீரணம்' என்பதன் வேர்ப்பொருள் தேய்ந்து பழமையாதல். பழுதுற்ற கோயிலைப் புதுப்பிக்கும் சீரணோத்தாரணத்தில் உள்ளதும் அச்சொல்லே. மலையாளமோ தற்காலக் கலைச்சொல்லிலும் தீயைக் கைவிடவில்லை. தமிழில் கணையம் எனப்படும் உறுப்பு அங்கே 'ஆக்னேயகிரந்தி', அதாவது தீச்சுரப்பி.

உண்மையில் வயிற்றில் நிகழ்வது எரிதலா? 1752-இல் பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமூர், இறைச்சி வைத்த உலோகக் குழாய்களைத் தாம் வளர்த்த பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாய்க்குள் இறைச்சி அரைபடவும் இல்லை, அழுகவும் இல்லை, கரைந்திருந்தது. இரைப்பை நீரிலுள்ளது ஐதரோகுளோரிக் அமிலம் என்று 1824-இல் வில்லியம் பிரௌட் அறிவித்தார். 1836-இல் தியோடர் ஷ்வான் பெப்சின் என்னும் நொதியைப் பிரித்தறிந்தார். வாயில் உமிழ்நீர் மாவுப்பொருளைச் சிதைக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தைச் சிதைக்கின்றன. சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் சேர்ந்தபின் சத்துகள் உறிஞ்சப்படுகின்றன. எங்கும் தீ இல்லை.

ஆயினும் முன்னோர் கூற்றை முற்றாகத் தள்ளிவிட இயலாது. 1780-களில் லவாய்சியரும் லப்லாசும் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து அளந்து, சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்று காட்டினர். அந்த எரிதல் நடப்பது உயிரணுக்களில் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தீ உண்டு, அதன் இருப்பிடம் வயிறன்று.

இருப்பிடம் தவறினால் என்ன கேடு என்பதை அறிய, இங்கிருந்து தெற்கே நெய்யூருக்குச் செல்ல வேண்டும். அன்று தென் திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் அமைந்த ஊர் அது. 1922-இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அதன்பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். முன்சிறுகுடற் புண்ணால் வருந்திய ஏழைகள் அங்கே பெருந்திரளாக வந்தனர். அவர் உணவுக் குறைபாட்டை ஐயுற்றார். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன், மரச்சீனிக்கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுட் பலவற்றுக்குப் புண் கண்டது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இத்தகைய புண்களுக்குப் பெருங்காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியைக் கண்டறிந்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு.

செரியாமையைத் தீயின் குறைவாகக் கருதும் மனம் அதை மூட்டவே முயலும். சுக்கும் மிளகும் தேடும். சாதாரண மந்தத்திற்கு அது போதலாம். உள்ளிருப்பது புண்ணாயின், மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டிய மாதங்கள் அதில் கழிந்துபோகும். உருவகம் நோயாளிக்குத் தன் துன்பத்தைச் சொல்ல மொழி தருகிறது. காரணத்தை அது காட்டுவதில்லை. இதனாலேயே கலைச்சொல்லாக்கத்தை வெறும் தூய்மை வாதமாகவோ அழகியலாகவோ நான் கருதுவதில்லை.

அறைக்குத் திரும்பிக் குறிப்பேட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது: அந்த முதியவர் 'ரெண்டு மாசமா' என்றும் சொல்லியிருந்தார். நான் வினைச்சொல்லை எழுதினேன், காலத்தை எழுதவில்லை. வலி உண்டா, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த நாள் அதே கடைக்குச் சென்றேன், அவர் வரவில்லை.

குமரி, நெல்லை, ஈழம், மலையகம் சார்ந்த நண்பர்கள் தத்தம் ஊரில் செரியாமைக்கு வழங்கும் சொற்களைப் பின்னூட்டத்தில் பதிந்தால் ஆய்வுக்கு உதவும். சொல்பவர் நெடுநாளாக அதைச் சொல்கிறார் எனில், முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.