கால்நடை வைத்தியக் கல்லூரியும் நம் நன்றிக் கடனும்

நன்றி பாராட்டுதல் ஒரு சமூகத்தின் மேன்மைக்கு அறிகுறியாகும். உத்தியோகத்தில் உயர்ந்தோரையும், சத்திரமும் பள்ளியும் கட்டுவித்தோரையும், பரீக்ஷையில் முதன்மை பெற்ற பிள்ளைகளையும் நம் சங்கம் மாலையிட்டுப் போற்றி வருதல் அன்பர்கள் அறிந்ததே. அது தக்கதே. ஆயினும், ஏரும் வண்டியுமாய் வாழ்ந்த நம் முன்னோரின் மாட்டைக் காத்தளித்தோருக்கு நாம் செய்த மரியாதை யாது என்னும் கேள்விக்கு விடை கூற நாவெழவில்லை. அதுபற்றியே இங்குச் சில கூறத் துணிகின்றோம்.

ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயில் கொண்டருளும் நம் பெரியபாளையத்திற்கு ஆடி மாதத்தில் ஜனங்கள் திரள் திரளாய் வருதல் நெடுநாளைய வழக்கம். இன்று மோட்டார் வண்டிகளில் வருகின்றனர். அக்காலத்திலோ சென்னையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தனர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் தொழிற்சாலைகள் தோன்றாத அந்நாளில், உழவும் போக்குவரத்தும் எருதின் தோளையே நம்பியிருந்தன. ஓர் ஜோடி எருது மாண்டால் ஒரு குடும்பம் கடனாளியாயிற்று. வெக்கை நோய் ஊருள் புகுந்தாலோ தொழுவங்கள் வெறுமையாயின. அக்கொள்ளை நோயை விசாரித்த கமிஷன் ஒன்று 1871-ல் அறிக்கை வெளியிட்டதென்றால், அதன் கொடுமை இத்தேசமெங்கும் பரவியிருந்தமை விளங்கும்.

இத்துன்பத்துக்குப் பரிகாரம் தேடும் கல்வி நம் மாகாணத்தில் 1903-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி தனிக் கல்லூரியாக உருப்பெற்றது. டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்தில், இருபதே மாணாக்கருடன் சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. பின்னர் வேப்பேரியில் எழுந்த சிவந்த பெருங்கட்டடத்தை நம்மவருட் பலர் கண்டிருப்பர். 1935-ல் அது சென்னை ஸர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்றது. மாட்டு வைத்தியம் என்று பிறர் இகழ்ந்த தொழில், பட்டம் பெறும் சாஸ்திரமாக உயர்ந்தது. அவ்வுயர்வு கட்டடத்தால் வந்ததன்று. அங்கு உழைத்தோரால் வந்தது.

அவருள் ஒருவரை மட்டும் இங்கு எடுத்துரைப்போம். அவர் எம். அனந்த நாராயண ராவ் என்பவர். ஒட்டுண்ணிகளைப்பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அக்காலத்து மாடுகளுக்கு ஒரு விசித்திர நோய் கண்டது. மூக்கினுள் பூக்கோசுபோல் சதை வளரும்; சளியும் இரத்தமும் ஒழுகும்; மாடு மூச்சு விடும்போதெல்லாம் குறட்டை ஒலி எழும். நோய் முற்றினால் எருது ஏரிழுக்கவும் இயலாது இளைக்கும். காரணம் அறியாத குடியானவர் என் செய்வர்? 1932-ல் மால்கானி என்னும் வைத்தியர் அச்சதையில் ஒருவகைப் புழுவின் முட்டைகளைக் கண்டு வெளியிட்டார். மறு வருஷம், 1933-ல், ராவ் அவர்கள் மூக்கின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் வாழும் அப்புழுவையே கண்டு, அதன் உருவை விவரித்து, ஷிஸ்டோசோமா நாசாலே என்று பெயரிட்டார்.

அப்புழுவின் வாழ்க்கை அறியத்தக்கது. மாடு குட்டையில் வாய்வைத்து நீர் அருந்துகையில் மூக்குச் சளியோடு முட்டைகள் நீரில் விழும். அவை பொரித்து வெளிப்படும் நுண்குஞ்சுகள் நீர்நத்தையின் உடலுட் புகுந்து பெருகும். பின் நத்தையை விட்டு வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்லும். ஏரியும் குட்டையும் நிறைந்த நம் நாட்டுக்கு இவ்வறிவு எத்துணைப் பயனுடையதென்று விரிக்க வேண்டுவதில்லை. தேங்கிய நத்தைக் குட்டையில் மாட்டை விடாது, தொட்டியில் நல்ல நீர் காட்டுதலே பாதி வைத்தியமாகும்.

பிறர் பெயர் சிலையிலும் வீதியிலும் நிற்க, இவர் பெயரோ ஒரு புழுவின் பெயரோடு நின்றது! சாஸ்திர நூல்களில் அப்புழுவைக் குறிக்குமிடத்து ‘ராவ், 1933’ என்று சேர்த்தெழுதுவது உலக வழக்கு. நகைப்புக்கிடமான கௌரவமென்று சிலர் நினைக்கக்கூடும். நாம் அங்ஙனம் நினையோம். வாயில்லா ஜீவன் தனக்கு உதவியவரைப் புகழ்ந்து பேசாது. வாக்குச் சீட்டும் அளிக்காது. அதற்குச் செய்யும் தொண்டு கைம்மாறு கருதாத் தொண்டு. ஆதலின் அது பெரிதினும் பெரிது.

அக்கல்லூரி வித்திட்ட கல்வி 1989-ல் தனிக் கால்நடை ஸர்வகலாசாலையாய் வளர்ந்தது. நாம் சென்னைக்குச் செல்லும் வழியிலுள்ள மாதவரத்தில் அதன் தலைமையிடம் இருக்கின்றது. நம் முன்னோர் பெயர் கேட்டே நடுங்கிய வெக்கை நோய் இத்தேசத்தில் 1995-க்குப் பின் தோன்றவில்லை. 2011-ல் உலகத்தினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராய் நடந்து ஊசியிட்ட எண்ணற்ற கால்நடை வைத்தியர்களின் உழைப்பே இதற்குக் காரணம். அவர் பெயர்களை எச்சிலையும் தாங்கவில்லை.

‘இவர்கள் நம்மவரா?’ என்று சங்கத்தில் எவரேனும் வினவக்கூடும். நோயுற்ற எருது வைத்தியரின் குலத்தைக் கேட்டதில்லை. வைத்தியரும் எருதுக்குரியவர் குலத்தைக் கேட்டு மருந்திட்டாரில்லை. நன்றி செலுத்துவதற்கு மட்டும் நாம் குலம் கேட்பது நியாயமாகுமா? நம்மவரை மட்டும் போற்றும் சங்கம் சிறுகும். நமக்கு உதவியவரையும் போற்றும் சங்கமே வளரும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். மாட்டுப் பொங்கல்தோறும் அருகிலுள்ள கால்நடை வைத்தியசாலையில் ஊழியம் புரிவோரை, எக்குலத்தினராயினும், அழைத்து வஸ்திர மரியாதை செய்க. கால்நடை வைத்தியம் பயில விரும்பும் நம் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் புத்தகச் செலவேனும் சங்கம் ஏற்க. மாலை ஒரு நாளில் வாடும். படித்த பிள்ளையின் கை பல தொழுவங்களைக் காக்கும். இவ்விரண்டும் நிறைவேறப் பவானி அம்மன் திருவருள் முன்னிற்பதாக.