எதை முதலில் மூடுவது? ஜெர்மனியின் மின்சாரக் கொள்கையும் அதன் வரிசைப் பிழையும்

நிலக்கரி, அணு, காற்றும் சூரியனும் ஆகிய மூன்று வழிகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையில் போய் முடிகின்றன. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு செலவு, எத்தனை உயிரிழப்பு என்று வரிசைப்படுத்திவிட்டால் விடை தானே கிடைத்துவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. ஆனால் எந்த நாடும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உலைகளும் வெட்டப்பட்ட சுரங்கங்களும் அவற்றை நம்பி வாழும் ஊர்களும் முன்பே இருக்கின்றன. ஆகவே எது சிறந்தது என்ற கேள்வியைவிட, எதை முதலில் மூடுவது என்ற கேள்வியே கொள்கை வகுப்போருக்கு முதன்மையானது. ஜெர்மனி இதற்கு விடை தந்துவிட்டது. இசார் 2, எம்ஸ்லாந்து, நெக்கர்வெஸ்ட்ஹைம் 2 ஆகிய கடைசி மூன்று அணுவுலைகளும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன. நிலக்கரிக்குச் சட்டம் தந்திருக்கும் கெடுவோ 2038 வரை நீள்கிறது. இந்த வரிசை மாறியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தீங்கின் அளவு. அனில் மார்க்கண்டேயாவும் பால் வில்கின்சனும் 2007இல் லான்செட் இதழில் ஐரோப்பாவுக்கான ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழுப்பு நிலக்கரியில் 100 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தால், பெரும்பாலும் காற்று மாசால், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அணுமின்சாரத்தில் அந்த எண் 0.1க்கும் கீழே. கரியமில வாயுவிலும் இடைவெளி இதே போல்தான். பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2014 அறிக்கைப்படி, வாழ்நாள் முழுவதற்குமாகக் கணக்கிட்டால் நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 820 கிராம் உமிழ்கிறது. அணுவும் நிலக்காற்றாலையும் 12 கிராமுக்கு அருகில் நிற்கின்றன. அணுவையும் காற்றையும் எதிரெதிர் முகாம்களில் நிறுத்துவது அரசியல் பழக்கம். உமிழ்வைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பக்கம்.

இனி ஜெர்மனியின் சொந்தக் கணக்கு. 2010இல் அந்நாடு அணுவிலிருந்து சுமார் 14,000 கோடி யூனிட்டும், நிலக்கரியிலிருந்து சுமார் 26,000 கோடி யூனிட்டும், புதுப்பிக்கத்தக்க வழிகளில் 10,500 கோடி யூனிட்டும் உற்பத்தி செய்தது. 2022இல் புதுப்பிக்கத்தக்கவை 25,000 கோடியைத் தொட்டன. பன்னிரண்டே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ச்சி வியக்கத்தக்க சாதனை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த வளர்ச்சி எதன் இடத்தை நிரப்பியது? அதே காலத்தில் அணுமின்சாரம் ஏறத்தாழ 10,500 கோடி யூனிட் குறைந்தது. நிலக்கரி 8,000 கோடி மட்டுமே குறைந்தது. புதிதாக வந்த தூய மின்சாரத்தின் பெரும்பகுதி, முன்பே தூய்மையாக இருந்த மின்சாரத்தை ஈடுசெய்யவே செலவானது. 2013இல் பழுப்பு நிலக்கரி மின்சாரம் 1990க்குப் பிறகான உச்சத்தைத் தொட்டது. ஸ்டீபன் ஜார்விஸ், ஒலிவியே டெஷேன், அக்ஷய ஜா ஆகிய பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அணுவுலை மூடலால் கூடிய காற்று மாசு ஆண்டுக்குச் சுமார் 1,100 உயிர்களைப் பறித்ததாக மதிப்பிட்டது. இது மாதிரிக் கணக்கு என்பது உண்மையே. இறந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆனால் பெயர் தெரியாததால் அந்த உயிர்களின் மதிப்பு குறைந்துவிடாது.

அப்படியானால் ஜெர்மானியர் ஏன் இப்படி முடிவெடுத்தார்கள்? அச்சம், அறியாமை என்று எளிதில் சொல்லிவிடும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1975 பிப்ரவரியில், ரைன் நதிக்கரையில் உள்ள வீல் கிராமத்தில் அணுமின் நிலையம் கட்டவிருந்த இடத்தை அப்பகுதி உழவர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் ஆக்கிரமித்து அமர்ந்தார்கள். அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1977இல் பக்கத்து நகரமான பிரைபுர்கில் ஓக்கோ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம் தோன்றியது. செர்னோபிலுக்குப் பிறகு, கருங்காட்டின் ஷோனாவ் என்ற சிற்றூர் மக்கள் தங்கள் ஊர் மின்கட்டமைப்பையே 1997இல் விலைக்கு வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், வீட்டுக்கூரையில் எடுக்கும் மின்சாரத்துக்கும் இருபது ஆண்டுகள் நிலையான விலையை உறுதிசெய்தது. சூரியத் தகடு உலகெங்கும் மலிவானதில் அச்சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று தமிழ்நாட்டுக் கூரைகளில் ஏறும் தகடுகளும் அந்த மலிவின் பயனாளிகளே. அச்சட்டத்தை இயற்றியவர்களும் அணுவை எதிர்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள். எனவே அணு எதிர்ப்பு இல்லாமலே இந்தச் சூரியப் புரட்சி நடந்திருக்கும் என்று கருத ஆதாரமில்லை. என் விமர்சனம் வீல் மக்களைக் குறித்ததன்று. 2011இல் பெர்லினில் எடுக்கப்பட்ட முடிவைக் குறித்தது.

2010 இலையுதிர்காலத்தில் அங்கெலா மெர்க்கெல் அரசு உலைகளின் ஆயுளைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த சில நாட்களிலேயே பழைய உலைகளை நிறுத்திவைத்தது. ஜூன் 30 அன்று நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு அணுவிலிருந்து விலகும் சட்டத்தை நிறைவேற்றியது. பதினேழு உலைகளில் எட்டு அவ்வாண்டே நிரந்தரமாக மூடப்பட்டன. நிலக்கரிக்கு அன்று எந்தக் கெடுவும் விதிக்கப்படவில்லை. அதை வகுக்கும் ஆணையம் 2018இல்தான் அமைந்தது; சட்டம் 2020இல் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளே நான் சொல்லும் வரிசைப் பிழை.

நிலக்கரியின் பின்னால் தொழிற்சங்கங்கள் இருந்தன, மாநில அரசுகள் இருந்தன, கிழக்கு ஜெர்மனியின் வேலையின்மை இருந்தது. அங்குள்ள லவுசிட்ஸ் பகுதியில் சுரங்கம் பெரிய வேலைவாய்ப்புகளுள் ஒன்று. அதே பகுதியில் சோர்பிய சிறுபான்மையினரின் ஊர்கள் பல சுரங்கத்துக்காகவே அழிக்கப்பட்டிருக்கின்றன. சுரங்கத்தை மூடுவதும் எளிதன்று: பெர்லினுக்குப் பாயும் ஸ்ப்ரே ஆற்றில் கோடைக்காலத்தில் ஓடுவது பெருமளவு சுரங்கத்திலிருந்து இறைத்து விடப்படும் நீர்தான். இத்தனை சிக்கல் உள்ள ஒன்றுக்கு முன்கூட்டியே திட்டமிடத் தொடங்கியிருக்க வேண்டும். விலகலின் விலையாக நிலக்கரி மாநிலங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க முடிவானது. 2023 ஜனவரியில், கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்காக லுட்சராத் என்ற சிற்றூரைக் காவல்துறை காலிசெய்தது. அதற்கு மூன்று மாதங்கள் கழித்து அணுவுலைகள் நின்றன.

அணுவுக்கு எதிரான வலுவான வாதம் கழிவு. ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை போட்ட சுமார் 1,26,000 பீப்பாய்களின் பக்கம் இன்று நீர் கசிகிறது. உயர்கதிர் கழிவுக்காக 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கோர்லேபென் 2020இல் கைவிடப்பட்டது. நிரந்தரமான இடம் இன்னும் முடிவாகவில்லை. இந்தச் சுமை கனமானது. இன்னும் பிறக்காத தலைமுறைகள் அதைச் சுமக்கும். புதிய உலை கட்டாதிருக்க இது போதிய காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கட்டி முடித்த உலையை முன்கூட்டியே நிறுத்துவதால் ஏற்கெனவே சேர்ந்த கழிவு குறைவதில்லை.

2023இல் உலைகள் நின்ற பிறகு நிலக்கரி பெருகும் என்றவர்களின் கணிப்பும் பொய்த்தது. அவ்வாண்டு நிலக்கரி மின்சாரம் கடுமையாகச் சரிந்தது; மின்நுகர்வில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. தொழிற்சாலைகளின் தேவை குறைந்ததும், ஜெர்மனி மின்சாரத்தை நிகரமாக இறக்குமதி செய்யத் தொடங்கியதும் இதற்குக் கைகொடுத்தன. எஞ்சிய சிக்கல் நேரமும் தொலைவும் சார்ந்தது. 2024இல் 450க்கும் மேற்பட்ட மணி நேரங்களில் மொத்தச் சந்தை விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. காற்றும் வெயிலும் அற்ற டிசம்பர் 12 மாலையில் அதே விலை மெகாவாட் மணிக்கு 900 யூரோவைத் தாண்டியது. வடகடற்கரையின் காற்றைத் தெற்கே கொண்டுசெல்லும் சுமார் 700 கிலோமீட்டர் சூட்லிங்க் மின்தடம் 2022இல் முடிந்திருக்க வேண்டியது. உயர்கோபுரங்களுக்கு எதிர்ப்பு எழுந்ததால் நிலத்தடிக் கம்பியாக மாற்றப்பட்டு, பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த மூன்று வழிகளும் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும்: நெய்வேலி, கூடங்குளம், முப்பந்தல். கூடங்குளம் உலைகளைப் பற்றி 2011 முதல் இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகள் வீல் மக்களுடையவை போலவே நியாயமானவை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கக் கால்வாய்க்காக நின்ற பயிரை எந்திரங்கள் மிதித்தபோது கடலூர் மாவட்டம் கொதித்தது. ஆனால் அந்தக் கோபம் நிலத்தோடும் இழப்பீட்டோடும் நின்றது. புகைபோக்கி வரை நீளவில்லை. நெய்வேலிச் சுரங்கங்கள் எந்த ஆண்டு, எந்த வரிசையில் மூடப்படும், அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதற்குள் என்ன வேலை, சுரங்கம் இறைக்கும் நீரை நம்பும் வயல்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளின் எதிர்காலத்தைப் பற்றி வாதிடுவதற்கு முன் எழுதப்பட வேண்டியது அந்தச் சட்டமே.