பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் உங்களுக்கும் வருமா?

"அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. எனக்கும் வரத்தான் போகிறது. பரிசோதித்து என்ன பயன்?" இத்தலாரிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் மட்டுமன்றி, எங்கும் கேட்கும் கேள்வி இது. பெற்றோரிடமிருந்து உங்களுக்கு வருவது நோய் அன்று. நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மை மட்டுமே.

இரண்டாம் வகை நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் ஒரே ஒரு மரபணு காரணமாக இருப்பது மிக அரிது. சிறு சிறு விளைவுடைய நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சேர்ந்தே இடரைக் கூட்டுகின்றன. இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டி.சி.எப்.7.எல்.2 என்ற மரபணுவின் மாற்றம் 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே சென்னை மக்களிடமும் அதன் தொடர்பு உறுதிசெய்யப்பட்டது. 2007-இல் அறியப்பட்ட எப்.டி.ஓ. மரபணு மாற்றம் பசியைத் தூண்டுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றோர், பெறாதோரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தனர். ஆகவே பருமனானவரைச் சோம்பேறி என்று பழிப்பது அறியாமை. அதேபோல, 20 கிலோ கூடுதல் எடைக்கும் மரபணுவையே காரணம் காட்ட இயலாது.

மரபும் வாழ்முறையும் எவ்வாறு இணைந்து செயல்படுகின்றன என்பதற்குப் பீமா பழங்குடியினர் நல்ல சான்று. அவர்களில் ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு பிரிவினர் மெக்சிகோவின் மலைக்கிராமங்களிலும் வாழ்கின்றனர். மூதாதையர் ஒன்றே. எனினும் 2006-இல் வெளியான ஆய்வில், அரிசோனாவில் 100 பேரில் 38 பேருக்கும், உடலுழைப்பு மிகுந்த மெக்சிகோ மலையில் ஏறத்தாழ 7 பேருக்கும் மட்டுமே நீரிழிவு காணப்பட்டது. நம் மலையிலும் ராகி, சாமை உண்டு மேடும் பள்ளமும் நடந்த தலைமுறைக்குப் பின், வெள்ளை அரிசியும் பலமுறை சர்க்கரைத் தேநீரும் வாகனப் பயணமும் வந்துவிட்டன. இரு தலைமுறைக்குள் மாறியது மரபணு அன்று.

சென்னை மருத்துவர்கள் உருவாக்கிய இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையைப் பாருங்கள். மொத்தம் 100. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. வயதுக்கு அதிகபட்சம் 30. எஞ்சிய 50 மதிப்பெண் இடுப்புச் சுற்றளவுக்கும் உடலுழைப்பின்மைக்கும் உரியது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவை எட்டினாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் எனில் இடர் அதிகம்.

இடர் உள்ளவர் மாற முடியுமா? சர்க்கரை அளவு எல்லைநிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளுக்குள் 100-க்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39 பேர். நாளும் 30 நிமிட விரைவு நடையே அவர்களிடம் கேட்கப்பட்டது. ஏற்கெனவே உடலுழைப்பு செய்தோர் அதைத் தொடர்ந்தால் போதும் எனப்பட்டது. நாள் முழுதும் தேயிலை பறிக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்; அவர்கள் கவனிக்க வேண்டியது உணவையே, குறிப்பாகத் தேநீர்ச் சர்க்கரையை.

பணம் கட்டிச் செய்யும் மரபணுச் சோதனைகள் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. அளவு நாடாவும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் அதைவிடப் பயன் தரும். பிறந்து ஆறு மாதத்திற்குள் நீரிழிவு வந்த குழந்தை, ஐந்து வயதுக்கு முன்பே மிகையாகப் பருத்த குழந்தை, மூன்று தலைமுறையாக இளவயதிலேயே நோய் வரும் குடும்பத்தினர் ஆகியோருக்கு ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கலாம். இவர்களுக்குச் சிகிச்சையே மாறக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

30 வயது கடந்த அனைவருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வீட்டிற்கு வரும்போதும் கேட்கலாம். பெற்றோருக்கு நோய் இருந்தாலோ, கர்ப்பக்காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை கூடியிருந்தாலோ 30 வயது வரை காத்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுநாளே மருத்துவரைப் பார்த்து மீண்டும் சோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.