இரண்டு விடைக்கு இடம் தந்த உதவி: தொலைக்காட்சி வினாடி வினாவில் ‘டபுள் டிப்’பின் குறுகிய வாழ்வு

முன்னுரை

திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது. வடகிளை கொள்ளிடம்; தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது; இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அதனால் நீர் அந்தப் பக்கமே சாய்ந்து, தஞ்சைப் பாசனம் வாடியது. இதைச் சரிசெய்யவே 1836–38இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தீவின் கிழக்குக் கோடியை அடுத்து, கரிகாலன் பெயரோடு நிற்கிறது கல்லணை.

‘முக்கொம்பு மேலணையைக் கட்டியவர் யார்?’ என்று ஒரு வினாடி வினாவில் கேட்டு, கரிகாலன், ஆர்தர் காட்டன், பென்னிகுவிக், இராணி மங்கம்மாள் என நான்கு விடைகளைக் கொடுத்ததாகக் கொள்வோம். இரு அணைகளையும் ஒருசேரக் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர் மங்கம்மாளையும் பென்னிகுவிக்கையும் உடனே ஒதுக்கிவிடுவார். கரிகாலனுக்கும் காட்டனுக்கும் நடுவில் நின்றுவிடுவார். இப்படிப் பாதி வழி வந்து நிற்பவருக்கென்றே ஓர் உதவி தொலைக்காட்சியில் சில காலம் இருந்தது. ‘டபுள் டிப்’ என்ற அந்த லைஃப்லைன் எப்படி வந்தது, என்ன செய்தது, ஏன் நிலைக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று உதவிகளின் காலம்

1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ தொடங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றது. இந்தியாவில் 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் நடத்த ‘கோன் பனேகா குரோர்பதி’ ஸ்டார் பிளஸில் வந்தது. அதே காலத்தில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. பின்னர் விஜய் தொலைக்காட்சியின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ 2012இல் சூர்யாவோடு தொடங்கி, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி எனக் கைமாறியது. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் பெண்களுக்காகவே ‘கோடீஸ்வரி’யை நடத்தினார்.

இந்த வடிவத்தின் மூல உதவிகள் மூன்று: தவறான இரண்டு விடைகளை நீக்கும் 50:50, அரங்கத்தாரின் வாக்கு, நண்பருக்குத் தொலைபேசி. இவற்றில் ஒவ்வொன்றும் அறிவு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு விடை சொல்கிறது. கணினி சுமையைக் குறைக்கும். கூட்டம் சராசரியைச் சொல்லும். வேண்டியவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார்.

மூன்றாவதே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. இந்தியாவில் 2000இல் கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் காசு. 2003இல்தான் அது இலவசமானது. வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் அண்ணனோ ஆசிரியரோ காத்திருந்ததே அன்றைய நாடகம். 1999 நவம்பரில் அமெரிக்காவின் முதல் மில்லியன் டாலர் வெற்றியாளரான ஜான் கார்பென்டர், கடைசிக் கேள்வியில் தந்தையை அழைத்தது விடை கேட்க அன்று. தான் வெல்லப்போவதைச் சொல்லவே அழைத்தார். 2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் உச்சக்கட்டமும் ஒரு தொலைபேசி அழைப்பில்தான் நிற்கிறது.

டபுள் டிப்பின் வருகையும் மறைவும்

2004இல் அமெரிக்காவில், பரிசை ஒரு கோடி டாலராக உயர்த்தி ‘சூப்பர் மில்லியனர்’ என்ற சிறப்புத் தொடர் ஒளிபரப்பானது. பத்தாம் கேள்வியைத் தாண்டியவர்களுக்கு அதில் இரண்டு புதிய உதவிகள் கிடைத்தன. ஒன்று மூவர் குழுவின் ஆலோசனை. மற்றொன்று டபுள் டிப்.

டபுள் டிப்பின் விதி எளியது. பயன்படுத்துவதாக முதலிலேயே அறிவிக்க வேண்டும். முதல் விடை தவறானால் இரண்டாவது விடை சொல்லலாம். அதற்கு விலை உண்டு: அறிவித்த பிறகு அந்தக் கேள்வியிலிருந்து பணத்தோடு விலக முடியாது, வேறு உதவியும் கிடையாது.

2008இல் கடிகாரம் வைத்து ஆடும் புதிய முறை அமெரிக்காவின் தினசரி நிகழ்ச்சியில் வந்தபோது, 50:50 விலக்கப்பட்டு அந்த இடத்தில் டபுள் டிப் அமர்ந்தது. கூடவே நிபுணரைக் கேட்கும் உதவியும் சேர்ந்தது. 2010 ஜனவரியில் தொலைபேசி உதவி நீக்கப்பட்டது. மறுமுனையில் இருந்தவர்கள் இணையத்தில் தேடியே விடை சொன்னார்கள் என்பதே காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்டமே மாற்றி அமைக்கப்பட்டபோது டபுள் டிப்பும் மறைந்தது. தினசரி நிகழ்ச்சியில் அதன் வாழ்வு இரண்டே ஆண்டுகள். இந்தியாவில் கோன் பனேகா குரோர்பதியின் பிற்காலப் பருவங்களில் அது வந்தும் போயும் இருந்தது.

ஐயத்தின் கணக்கு

50:50க்குப் பதிலாக இது வந்ததால் இரண்டையும் ஒப்பிட்டே இதன் மதிப்பை அறிய வேண்டும். தவறான விடைகள் குருட்டுவாக்கில் நீக்கப்படுவதாகக் கொள்வோம்.

எதுவும் தெரியாதவருக்கு 50:50இல் வெற்றி வாய்ப்பு பாதி. டபுள் டிப்பில் நான்கில் இரண்டு, அதுவும் பாதி. ஒரு விடை தவறென்று மட்டும் உறுதியாகத் தெரிந்தவருக்கு இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு. இதுவரை வேறுபாடே இல்லை.

முக்கொம்பு கேள்வியில் நின்றவரைப் போல இரண்டு பெயருக்குள் வந்துவிட்டவரிடம்தான் கணக்கு மாறுகிறது. 50:50 எடுத்தால், மூன்று தவறான விடைகளில் ஒன்று மட்டும் எஞ்சும். அது கரிகாலனாகவே அமைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அமைந்தால் ஐயம் அப்படியே நிற்கும். ஆக அவர் வெல்லும் வாய்ப்பு ஆறில் ஐந்து. டபுள் டிப்பிலோ கரிகாலன் தவறானாலும் அடுத்து காட்டன், வெற்றி உறுதி. ஆனால் அந்த இருவருக்குள்தான் விடை என்ற அவருடைய நம்பிக்கை பிழையானால் வீழ்ச்சியும் உறுதி. 50:50 எடுத்தவர் விலகிக்கொள்ளலாம். இவருக்கு அந்த வழி இல்லை.

எனவே டபுள் டிப் அறியாமைக்குத் தனிச்சலுகை எதுவும் தரவில்லை. தன் ஐயத்தின் எல்லையைச் சரியாக அறிந்தவருக்கே அது முழுப் பலன் கொடுத்தது.

நிலைக்காமைக்கான காரணங்கள்

ஆட்ட முறை மாறியது வெளிப்படையான காரணம். அதற்கு அடியில் இன்னும் இரண்டைக் காண்கிறேன். முதலாவது, காட்சி. தொலைபேசியில் ஒரு குரல் வருகிறது. அரங்கத்தில் வாக்குப் பட்டைகள் எழுகின்றன. 50:50இல் திரையிலிருந்து விடைகள் மறைகின்றன. டபுள் டிப்பில் நடப்பதெல்லாம் போட்டியாளரின் மனத்துக்குள். கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு மனிதர் இல்லை. இரண்டாவது, பதற்றம். இரண்டு விடைக்குள் சரியாக வந்து நிற்பவருக்கு அது முடிவை முன்கூட்டியே உறுதியாக்கிவிடுகிறது. போட்டியாளருக்கு நல்லதான இந்த நீதி, பார்வையாளரை இருக்கை நுனியில் வைக்க விரும்பும் நிகழ்ச்சிக்கு இழப்பு.

முடிவுரை

டபுள் டிப் காட்சியாகத் தோற்றது. மதிப்பீட்டு முறையாகத் தோற்கவில்லை. நம் தேர்வுகள் அறிவைத் தெரியும், தெரியாது என்று இரண்டாகவே பிரிக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020 முதல் விடைத்தாளில் ஐந்தாவது வட்டமாக ‘விடை தெரியவில்லை’ என்பதைச் சேர்த்தது. தெரியாது என்று பதிவு செய்ய இடம் கிடைத்தது. பாதி தெரியும் என்பதற்கு இன்னும் இடம் இல்லை. கற்பவர் பெரும்பாலும் நிற்பது அந்தப் பாதியில்தான். திருச்சியின் பள்ளி, கல்லூரி வினாடி வினாக்கள் இந்த விதியை எடுத்து, இரண்டாம் முயற்சிக்குக் குறைந்த மதிப்பெண் வைத்து நடத்திப் பார்க்கலாம். மேலணைக்கு முதலில் கரிகாலன் என்று சொல்லி, அடுத்து காட்டன் என்று திருத்திக்கொள்ளும் மாணவி எதில் குழம்பினாள் என்பது ஆசிரியருக்கு அந்த இடத்திலேயே தெரியும். ஒற்றை விடைத்தேர்வு அதைக் காட்டாது.