காலம் தாழ்த்தல்: மார்பகக் கட்டி பற்றிய ஓர் அறிவுரையின் வரலாறு

மார்பகத்தில் கட்டி தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும் என்பது இன்று எவரும் மறுத்துப் பேசாத அறிவுரை. ஆயினும் அது பொதுமக்களை நோக்கிச் சொல்லப்படத் தொடங்கி நூறாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே ஆகிறது. அதற்கு முந்தைய நீண்ட மருத்துவ மரபில் அதற்குப் பொருளே இருக்கவில்லை. கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எட்வின் ஸ்மித் பப்பைரஸ் என்னும் எகிப்தியச் சுவடி, மார்பில் புடைத்தும் தொட்டால் குளிர்ந்தும் இருக்கும் கட்டிகளை விவரித்துவிட்டு, அவற்றுக்குச் சிகிச்சை இல்லை என்று முடித்துக்கொள்கிறது. கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களோ, உள்ளே மறைந்திருக்கும் புற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே நோயாளியின் ஆயுளுக்கு நல்லது என்று கருதின. குணப்படுத்தும் வழி இல்லாத இடத்தில் விரைந்து வருவதற்கும் மெல்ல வருவதற்கும் வேறுபாடு இல்லை.

அறுவைச் சிகிச்சை வழக்கத்துக்கு வந்த பின்னரும், மயக்க மருந்து இல்லாத காலத்தில், நோயைவிடச் சிகிச்சையே அஞ்சத்தக்கதாக இருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1810இல் தம் மார்பில் ஏற்பட்ட வலியை உணர்ந்த பின்னும் ஓராண்டுக்கு மேல் காலம் கடத்தி, 1811 செப்டம்பரில் பாரிசில் நெப்போலியனின் படை மருத்துவரான லாரேயிடம் முழு நினைவுடன் அறுவைக்கு உட்பட்டார். அந்த அனுபவத்தை அவர் தம் சகோதரிக்கு எழுதிய கடிதம், மருத்துவ வரலாற்றில் நோயாளியின் தரப்பிலிருந்து கிடைத்த அரிய ஆவணங்களுள் ஒன்று. அதன் பின்னர் அவர் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வாழ்ந்ததால், அகற்றப்பட்டது உண்மையிலேயே புற்றுதானா என்ற ஐயம் மருத்துவ வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உண்டு. மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. சில நீர் நிறைந்த பைகள், சில இளம்பெண்களிடம் காணப்படும் நார்த்திசுக் கட்டிகள், சில பாலூட்டும் காலத்தின் வீக்கங்கள். இந்த வேறுபாட்டை லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1829இல் வெளியிட்ட நூலிலேயே பேசினார் என்றாலும், கத்தி வைக்காமல் அதை உறுதிசெய்யும் கருவி அவரிடம் இல்லை.

விரைந்து வருக என்னும் அறைகூவலுக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர், அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட். புற்று ஒரே இடத்தில் தோன்றி, நிணநீர் வழியாக ஒழுங்கான முறையில் மெல்லப் பரவுகிறது என்பதும், ஆகவே மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றினால் நோயை முந்திவிடலாம் என்பதும் அவரது கொள்கை. இதில் காலமே எல்லாம். 1913இல் நியூயார்க்கில் தோன்றிய அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் இந்தக் கொள்கையையே பெண்கள் இதழ்களின் வழியாக வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 1936இல் அச்சங்கம் அமைத்த 'பெண்கள் களப்படை' காக்கிச் சீருடை அணிந்த தொண்டர்களைக் கொண்டு தாமதத்துக்கு எதிராகப் போர் தொடுத்தது. பரப்புரையின் மொழியே போர்க்களத்திலிருந்து வந்ததாகையால், காலம் தாழ்த்திய பெண் கடமை தவறியவளாகச் சித்திரிக்கப்பட்டதில் வியப்பில்லை.

1938இல் ஜார்ஜ் பேக், ஜேம்ஸ் காலோ என்னும் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தாமதத்துக்கு அளவுகோல் வகுத்தது. அறிகுறி தோன்றியபின் நோயாளி மூன்று மாதம் கடத்தினால் அது மிகைத் தாமதம். முதலில் பார்த்த மருத்துவர் ஒரு மாதத்துக்குள் உரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் அது மருத்துவரின் தாமதம். கட்டுரையின் தலைப்பிலேயே குற்றப்பொறுப்பு என்னும் பொருள் தரும் சொல் இடம்பெற்றிருந்தது. நோயாளியை அளந்த முதல் கோல் பரப்புரையில் நிலைத்தது. மருத்துவரை அளந்த இரண்டாவது கோல் பெரிதும் மறக்கப்பட்டது.

பெண்கள் தயங்கியதற்கு அறியாமையும் கூச்சமும் மட்டுமே காரணம் என்று அக்காலத்து மருத்துவ எழுத்துகள் பலவும் கூறுகின்றன. ஆனால் மருத்துவமனைக்குள் நிகழ்ந்ததைப் பார்த்தால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது புலப்படும். கட்டியின் ஒரு துண்டை எடுத்து உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், அது புற்று எனத் தெரிந்தால் மயக்கம் தெளியும் முன்பே மார்பகத்தை அகற்றிவிடுவதும் ஒரே அமர்வில் நடந்தன. சோதனைக்கென்று படுத்தவர் மார்பகத்தோடு எழுவாரா என்பது எழும்போதுதான் தெரியும். ஒப்புதல் கையெழுத்தோ முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும். இவ்வழக்கத்தை எதிர்த்து, 1974இல் தமக்கே மார்பகப் புற்று கண்டறியப்பட்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் தொடர்ந்து எழுதியும் வாதாடியும் வந்ததன் பயனாக, சோதனையையும் அறுவையையும் இரு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு 1979இல் பரிந்துரைத்தது. அதே காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் நடந்த ஆய்வுகள், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தருவது, முழு மார்பகத்தையும் அகற்றுவதற்கு இணையான ஆயுளைத் தருகிறது என்று 1985இல் நிறுவின. விரைந்து வருபவருக்கு மார்பகம் தப்பலாம் என்று சொல்லும் துணிவு மருத்துவர்களுக்கு இதன் பின்னரே கிட்டியது.

இதற்கிடையே, அறிவுரை மருத்துவமனையைத் தாண்டிப் பெண்ணின் கைக்கே வந்துசேர்ந்திருந்தது. மாதந்தோறும், மாதவிலக்கு முடிந்த சில நாள்களில், குறிப்பிட்ட வரிசையில் விரல்களால் மார்பகத்தைத் தானே தடவிப் பார்க்கும் மார்பகச் சுயபரிசோதனையை, கொலம்பியா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் குஷ்மன் ஹாகென்சன் போன்றோர் வலியுறுத்தினர். 1950இல் வெளியான பயிற்சித் திரைப்படம் அமெரிக்கா முழுவதும் காட்டப்பட்டது. செலவில்லாத, தீங்கில்லாத முறை என்றே அனைவரும் நம்பியதால், அதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் வெகுகாலம் எழவில்லை. சோதனை நடந்த இடம் ஷாங்காய். அந்நகரத்து நெசவாலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்கள் ஆலைவாரியாக இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, 1989 முதல் 1991 வரை ஒரு பிரிவினருக்குச் சுயபரிசோதனை கற்பிக்கப்பட்டதோடு, ஐந்தாண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையுடன் பயிற்சியும் தரப்பட்டது. பத்தாண்டுக்குப் பின் 2002இல் முடிவு வெளியானபோது, கற்றவர்களிடையே மார்பகப் புற்றால் நேர்ந்த இறப்புகள் 135, கல்லாதவர்களிடையே 131. கற்றவர்கள் கூடுதலாகக் கண்டுபிடித்தவை தீங்கற்ற கட்டிகளே. அவற்றுக்காகத் தேவையற்ற திசுச் சோதனைகளுக்கு உட்பட்டவர்களும் அவர்களிடையேதான் அதிகம்.

இம்முடிவைத் தன் உடலைக் கவனிப்பதே வீண் என்று படிப்பது பிழையாகும். ஆய்வு மறுத்தது மாதாந்தரச் சடங்காக விதிக்கப்பட்ட முறையைத்தான். பிரிட்டன் 1991இலேயே அந்த விதியைக் கைவிட்டு, 'மார்பக விழிப்புணர்வு' என்னும் எளிய நிலைப்பாட்டை ஏற்றிருந்தது: ஒரு பெண் தனக்கு இயல்பானது எது என்று அறிந்திருத்தல், மாற்றம் தெரிந்தால் அடுத்த மாதச் சோதனைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுதல். மாற்றம் என்று இங்கே கருதப்படுபவை மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி அல்லது தடிப்பு, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, இதுவரை இல்லாதபடி உள்ளிழுக்கப்பட்ட காம்பு, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது படை, காரணமின்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவை. வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று எண்ணுவதே நம் ஊர்களில் பரவலான தவறு. புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அரிதாகவேனும் ஆண்களுக்கும் இந்நோய் வருகிறது.

தமிழ்நாட்டில் இவ்வரலாறு வேறொரு புள்ளியில் தொடங்குகிறது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி ஆட்சியாளரிடமிருந்தே வந்ததை, 1955இல் அங்கே சேர்ந்து இறுதிவரை பணியாற்றிய மருத்துவர் வி. சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. எகிப்தியச் சுவடியின் மனநிலை அன்றைய அரசு அலுவலகங்களிலும் நிலவியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடம் வகித்தது; பின்னாளில் அந்த இடத்துக்கு மார்பகப் புற்று வந்தது.

மாமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படத்தை எல்லாப் பெண்களுக்கும் எடுக்கும் வசதி இந்தியாவுக்கு இல்லை என்பதால், டாடா நினைவு மருத்துவமனை 1998இல் மும்பையின் எளிய குடியிருப்புகளில் வேறொரு வழியைச் சோதித்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்த அந்த ஆய்வில் 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். இருபதாண்டுக்குப் பின் 2021இல் வெளியான முடிவு, நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டதையும், 50 வயதும் அதற்கு மேலுமானவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. அதற்கு இளையவர்களிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு பார்க்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கட்டியைக் கண்டறிவதோடு வேலை முடிவதில்லை. கையால் பார்த்தல், படம் எடுத்தல், ஊசியால் திசு எடுத்து ஆராய்தல் என்ற மூவகைச் சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒருநாள் கூலியும், துணைக்கு வர ஓர் ஆளும், மறுமுறையும் அலைய நேருமோ என்ற கணக்கும் குறுக்கே நிற்கின்றன. பேக்கும் காலோவும் மருத்துவருக்கென வகுத்த அந்த ஒரு மாத அளவுகோலை, செவிலியர் தரும் பரிந்துரைச் சீட்டுக்கும் ஊசிச் சோதனையின் முடிவுக்கும் இடைப்பட்ட நாள்களின்மீது வைத்துப் பார்க்க வேண்டிய கடமை இன்று மருத்துவ அமைப்பையே சேர்கிறது.