ஒரே அடுப்படி, இரண்டு வேளைச் சமையல்



நம்ம குழுப் பெண்கள் பள்ளிக்கூட அடுப்படிக்குள் கால் வைத்து சில வருஷம்தான் ஆகிறது. ஆனால் அந்த அடுப்படியின் கதை ரொம்பப் பழசு.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் பள்ளி மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. ஊருக்கு ஊர் சமையற்கூடம் வந்தது. கணவனை இழந்தவர்கள், ஆதரவில்லாதவர்கள் எனப் பல பெண்களுக்கு வேலை கிடைத்தது. விறகுப் புகையில் கண் எரிய எரியச் சமைத்தார்கள். எரிவாயு அடுப்பு பிறகுதான் வந்தது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமங்களில் சமைப்பது நம்ம குழுத் தாய்மார்களே.

இங்கேதான் சிக்கல். ஒரு வேளைச் சமையலுக்குக் கட்டின அறையில் இப்போது பல இடங்களில் இரண்டு அணி. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாம். மதியம் சோறு, முட்டை என்று சத்துணவுப் பணியாளர்கள். நாம் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி வந்தால் அவங்க உலை வைக்க நேரமாகும். பசியோடு காத்திருப்பது நம்ம பிள்ளைதான்.

அறை சிறுசாக இருந்தாலும் ஒழுங்கு இருந்தால் போதும். சாமான் அலமாரி, கழுவுற தொட்டி, நறுக்குற மேடை, அடுப்பு, பரிமாறுற இடம் – இப்படி வரிசையாக, ஒரே திசையில் வேலை நகரணும். கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் தூக்கி வருபவருக்கு எதிரே யாரும் வரக் கூடாது. சிலிண்டர் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கணும். இரண்டு அணிக்கும் கணக்கு தனி; அதனால் பூட்டு போட்ட அலமாரியும் தனித்தனியாக வேணும். அடுப்பு, மேடை, தண்ணீர் பொது. கழுவித் துடைத்து ஒப்படைப்பது இரண்டு பேருக்கும் பொதுக் கடமை.

உங்க ஊரில் புதுச் சமையலறை கட்டப் போகிறார்கள் என்றால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: தொட்டி எங்கே, ஜன்னல் எங்கே, அலமாரி எத்தனை? தினமும் அங்கே நிற்கப் போவது நாம்தான். சுவர் எழும்பின பிறகு மாற்றச் சொன்னால் யார் காதிலும் ஏறாது.